ஆஸ்பத்திரியும் வலியும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "ஆஸ்பத்திரியில் வலியைத் தாங்குவது எப்படி?" என்பதாகும். தலைப்பைக் கொடுத்த தோழர்களிடம் ஒரு சிறு திருத்தம் கேட்டுக் கொள்ளுகிறேன். தாங்குவது எப்படி என்று நம்மவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பட்டினியைத் தாங்கினோம், இழிவைத் தாங்கினோம், தாங்குவதே பெருமை என்று பாட்டும் கதையும் கேட்டுத் தலையாட்டினோம். தாங்குவதில் நாம் உலகத்தில் யாருக்கும் சளைத்தவர்களல்ல. நாம் கற்றுக் கொள்ள வேண்டியது வலியைக் குறைப்பது எப்படி, குறைக்கும்படி கேட்பது எப்படி என்பதுதான். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நான் வைத்தியனல்ல. பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனுமல்ல. புத்தகங்களைப் புரட்டியும், தெரிந்த டாக்டர்களையும் நர்சுகளையும் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்தும், வார்டுகளில் நோயாளிகளுக்குத் துணையிருந்து கண்ணால் பார்த்தும் சேர்த்துக் கொண்டதைத்தான் சொல்லப் போகிறேன். ஆகையால் நான் சொன்னேன் என்பதற்காக எதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். உங்கள் அறிவைக் கொண்டு சிந்தித்துப் பாருங்கள். உங்கள் உடம்புக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

"இதென்ன, பகுத்தறிவு பேசுகிற மேடையில் ஆஸ்பத்திரிக் கதை?" என்று சிலருக்குத் தோன்றலாம். தோழர்களே! மனிதனுடைய பகுத்தறிவும் மானமும் சோதனைக்கு வருகிற இடம் கூட்ட மேடையல்ல, ஆஸ்பத்திரிக் கட்டில்தான். வெளியில் வீரம் பேசுகிறவன் அங்கே படுத்தவுடன் "என்ன பாவம் செய்தேனோ" என்கிறான். அங்கே நம் அறிவு என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரு வார்டில் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோழர் ஒருவர் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்து கொண்டு ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். மறுநாள் காலையில் பெரிய டாக்டர் சுற்றி வந்தார். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். "நன்றாயிருக்கிறேனுங்க ஐயா" என்றார் நம் தோழர். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர் முதுகு மறைந்ததும் நம் தோழர் பல்லைக் கடித்துக் கொண்டு போர்வையைப் பிடித்துக் கசக்கினார்.

"ஏன் அண்ணே, வலிக்கிறதென்று சொல்லக் கூடாதா?" என்றேன்.

"அவ்வளவு பெரிய டாக்டரிடத்தில் இதைப் போய்ச் சொல்லுவதா? ஆண்பிள்ளை இதுகூடத் தாங்கவில்லையே என்று நினைக்க மாட்டாரா?" என்றார்.

பக்கத்துக் கட்டில் பெரியவர், "அனுபவிக்க வேண்டியதை அனுபவித்துத்தான் தீர வேண்டும் தம்பி" என்று ஒத்துப் பாடினார்.

பிறகு நர்ஸ் அம்மாள் வந்தபோது நான் சொன்னேன். அந்த அம்மாள் சீட்டைப் பார்த்தார். வலிக்கு மருந்து முதல் நாளே எழுதப்பட்டிருந்தது. "தேவைப்பட்டால் கொடுக்கவும்" என்று! தேவை என்று நோயாளி சொல்லவில்லை; ஆகவே யாரும் கொடுக்கவில்லை. ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து உட்கார்ந்தார். மாலையில் தாழ்வாரத்தில் நடந்தார். ஓர் இரவு முழுவதும் அவர் பட்ட பாட்டுக்குக் காரணம் மருந்தில்லாமையா? டாக்டரில்லாமையா? இரண்டுமல்ல. வாயிருந்தும் பேசாமைதான். அந்த வாயைக் கட்டியது எது? ஒன்று தலைவிதி என்ற எண்ணம். இன்னொன்று பெரிய மனிதர் முன் பேசக் கூடாதென்ற அச்சம். மூன்றாவது ஆண்பிள்ளை என்ற வீம்பு. இம்மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விதியின் கணக்கு

வலி பூர்வ ஜென்ம கர்மத்தின் பலன் என்கிறார்கள். சரி, அப்படியே வைத்துக் கொண்டு யோசிப்போம்.

1846-ம் ஆண்டுக்கு முன் ஆபரேஷன் என்றால் என்ன தெரியுமா? பலசாலிகள் நாலு பேர் கையையும் காலையும் பிடித்துக் கொள்ள, உயிரோடும் உணர்வோடும் அறுப்பதுதான். சாராயமோ அபினோ கொஞ்சம் கொடுப்பார்கள். எவன் சீக்கிரம் அறுக்கிறானோ அவன் சிறந்த டாக்டர். இங்கிலாந்து தேசத்து எழுத்தாளர் பேன்னி பர்னி என்ற அம்மையாருக்கு 1811-ம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் மயக்க மருந்தே இல்லாமல் மார்பை அறுத்து எடுத்தார்கள். அந்த அம்மையார் பிழைத்துக் கொண்டு, தான் பட்டதைத் தன் தமக்கைக்கு ஒரு நீண்ட கடிதமாக எழுதினார். எழுதி முடிக்கவே மாதக் கணக்கில் ஆயிற்று. நினைத்தாலே அவ்வளவு நடுக்கம்.

1846 அக்டோபர் 16-ந் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஒரு நோயாளியை ஈதர் என்ற திரவத்தின் ஆவியை முகரச் செய்தார். வாரன் என்ற டாக்டர் அந்த நோயாளியின் கழுத்துக் கட்டியை அறுத்தார். நோயாளி துடிக்கவில்லை. அதற்கு நாலு ஆண்டு முன்பே, 1842-ல், ஜார்ஜியா மாகாணத்தில் கிராபோர்ட் லாங் என்ற கிராமத்து டாக்டர் இதே ஈதரைக் கொடுத்து அறுத்திருக்கிறார். ஆனால் அப்போது உலகத்துக்குச் சொல்லவில்லை. 1884-ல் வியன்னாவில் கோலர் என்பவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண் மட்டும் மரத்துப் போகச் செய்தார். 1898-ல் ஜெர்மனியில் பியர் என்பவர் முதுகுத் தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் உணர்வில்லாமல் செய்தார்.

இப்போது நான் கர்மவாதிகளைக் கேட்கிறேன். வலி பூர்வ ஜென்ம பாவத்தின் பலனானால், பாஸ்டன் பல் வைத்தியர் ஒரு புட்டி ஈதரைக் கொண்டு சித்திரகுப்தன் கணக்கை அழித்துவிட்டாரா? முதுகில் ஊசி போட்டவுடன் இடுப்புக்கு மேலே விதி வேலை செய்கிறது. இடுப்புக்குக் கீழே விதிக்கு லீவா? பல் பிடுங்கப் போகிற எந்தப் புரோகிதராவது, "ஊசி வேண்டாம், என் கர்மத்தை நான் அனுபவித்துத் தீர்க்கிறேன்" என்று சொன்னதுண்டா? தனக்கு வலித்தால் ஊசி, ஊராருக்கு வலித்தால் விதி! இதைவிடப் பெரிய புரட்டு வேறென்ன இருக்கிறது?

இது நம் நாட்டு மதத்துக்கு மட்டும் உரிய நோயல்ல. ஸ்காட்லாந்து தேசத்தில் எடின்பரோ நகரத்து டாக்டர் சிம்ப்சன் 1847-ல் பிரசவ வேதனைக்கு ஈதரும், பிறகு குளோரோபாரமும் கொடுத்தபோது, "பெண் வேதனையோடு பிள்ளை பெற வேண்டும் என்று வேதத்தில் இருக்கிறதே" என்று சிலர் ஆட்சேபித்தார்கள். அவர் அதே ஆண்டில் மறுப்புப் புத்தகம் எழுதினார். ஆதாமின் விலா எலும்பை எடுக்கும்போது கடவுளே அவனை ஆழ்ந்து தூங்கச் செய்துதானே எடுத்தார் என்று அவர்கள் வேதத்தைக் கொண்டே அவர்களைக் கேட்டார். 1853-ல் விக்டோரியா ராணி தன் எட்டாவது பிரசவத்துக்கு டாக்டர் ஸ்நோவிடம் குளோரோபாரம் வாங்கிக் கொண்டார். ராணி முகர்ந்தது பெரிய விளம்பரமாயிற்று. பிறகு மற்றப் பெண்கள் கேட்பது எளிதாயிற்று.

வலி என்பது என்ன?

விதியில்லை என்றால் வலி என்னதான்? உடம்பில் அடியோ, அறுவையோ, புண்ணோ ஏற்பட்டால் அங்குள்ள நரம்பு அந்தச் செய்தியை முதுகுத் தண்டுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது மூளைக்குப் போகிறது. மூளைக்குப் போன பிறகுதான் அது வலி. வழியில் அந்தச் செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். முதுகுத் தண்டில் ஒரு கதவு போல ஏற்பாடு இருக்கிறதென்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965-ல் எழுதினார்கள். பிற்பாடு அதில் பல திருத்தங்கள் ஏற்பட்டன. ஆனாலும் கருத்து நிலைத்தது. கால் இடித்துக் கொண்டால் உடனே அந்த இடத்தைத் தேய்க்கிறோமே, ஏன்? தேய்ப்பதால் ஏற்படுகிற உணர்ச்சி, வலிச் செய்தி போகிற வழியை நெருக்குகிறது. நம் பாட்டிமார் காரணம் தெரியாமல் செய்ததற்குக் காரணம் இதுதான்.

பயம், தூக்கமின்மை, தனிமை, நாளைக்கு என்ன ஆகுமோ என்ற கவலை, இவையெல்லாம் வலியைக் கூட்டும். தைரியச் சொல், தூக்கம், தெரிந்த முகம், இவை குறைக்கும்.

இங்கே எதிரிகள் கேட்கலாம்: "விபூதி பூசினால், தாயத்துக் கட்டினால் வலி குறைகிறதே, அதற்கென்ன பதில்?" என்று. குறைவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1978-ல் கலிபோர்னியாவில் கடைவாய்ப் பல் எடுத்துக் கொண்டவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மருந்து என்று நினைத்துக் கொண்டு வெறும் நீரை ஊசியாகப் போட்டுக் கொண்டவர்களிலும் சிலருக்கு வலி குறைந்தது. பிறகு, அபின் வகை மருந்தின் வேலையைத் தடுக்கிற ஒரு மருந்தைக் கொடுத்தார்கள். அந்தக் குறைவு நின்று போயிற்று. இதிலிருந்து என்ன தெரிகிறது? நம்பிக்கை ஏற்பட்டால் உடம்பே அபின் போன்ற ஒரு பொருளைச் சுரந்து கொள்ளுகிறது. வேலை செய்தது உடம்பு; பெயர் வாங்கிக் கொண்டது தாயத்து! தாயத்தினால் கொஞ்சம் வலி குறையலாம். அழுகிய குடல்வாலை அது வெட்டி எறியுமா? வலி குறைந்ததே என்று வீட்டில் கிடந்து குடல்வால் வெடித்தால், தாயத்துக் கட்டியவரா வந்து பதில் சொல்லுவார்? அன்பான ஒரு நர்சின் வார்த்தையும், "இன்னின்னது செய்யப் போகிறோம்" என்று டாக்டர் விளக்கிச் சொல்லுவதும் அந்த நன்மையைத் தரும். ஏமாற்றும் இல்லை, தட்சிணையும் இல்லை.

டாக்டரும் கடவுளல்ல

இரண்டாவது தடை, டாக்டரிடம் நமக்குள்ள அச்சம். கோயிலில் கும்பிட்ட கையை ஆஸ்பத்திரியில் கொண்டு போய்க் கும்பிடுவதால் பகுத்தறிவு வந்து விடாது. டாக்டர் படித்த மனிதர், மரியாதைக்குரியவர், ஆனால் மனிதர். உங்களுக்கு எங்கே, எவ்வளவு வலிக்கிறது என்பது அவருக்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும். அதை அளக்கிற கருவி உங்கள் வாய் ஒன்றுதான்.

டாக்டர்கள் தவறியதுமுண்டு. பச்சைக் குழந்தைக்கு வலி சரியாகத் தெரியாது, மயக்க மருந்தை அதன் உடம்பு தாங்காது என்று எண்ணி, 1980-களிலும்கூடப் பல தேசங்களில் பிறந்த குழந்தைகளுக்குப் போதிய மருந்து கொடுக்காமல் ஆபரேஷன் செய்தார்கள். நம் நாட்டில் பிறந்த ஆனந்த் என்ற டாக்டர் ஆக்ஸ்போர்டில் இதைச் சோதித்தார். குறைமாதக் குழந்தைகளில் வலி மருந்து பெற்றவைக்கும் பெறாதவைக்கும் இரத்தத்தில் ஏற்படுகிற மாறுதல்களை அளந்தார். மருந்து பெறாத குழந்தைகளின் உடம்பு பட்ட அவதி அதிகம், பிற்பாடு வந்த தொல்லைகளும் அதிகம் என்று 1987-ல் வெளியிட்டார். உலகம் வழக்கத்தை மாற்றிக் கொண்டது. வைத்திய சாஸ்திரம் தவறே செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன். தவறு என்று காட்டினால் திருத்திக் கொள்ளும். அதுதான் அதற்கும் மற்ற சாஸ்திரங்களுக்கும் உள்ள வித்தியாசம்.

வீம்பினால் வருகிற கேடு

மூன்றாவது, "நான் தாங்கிக் கொள்ளுவேன்" என்கிற வீம்பு. இதனால் யாருக்கு நஷ்டம்? வயிற்றில் ஆபரேஷன் செய்து கொண்டவன் வலிக்குப் பயந்து மூச்சை இழுத்து விட மாட்டான், இரும மாட்டான். நெஞ்சில் சளி தங்கும். நுரையீரலில் நோய் பற்றும். அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையும். அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. தூக்கம் கெட்டால் உடம்பு தேறுவது தாமதமாகும். ஆகவே ஆபரேஷனுக்குப் பின் வலியைக் குறைப்பது சுகவாசிகளின் சொகுசல்ல. வைத்தியத்தின் ஒரு பாகம். நன்றாக மூச்சு விட, இரும, தூங்க, நாலடி நடக்க முடிகிற அளவுக்கு வலி குறைந்தால் போதும். அடியோடு இல்லாமற் போக வேண்டுமென்பதில்லை.

வலியே இல்லாமல் இருந்தால் அதுவும் ஆபத்துதான். வலி வீட்டுக் காவற்காரன் போன்றது. திருடன் வந்தால் கூவ வேண்டும். ஆனால் நாம் எழுந்து விளக்கேற்றித் திருடனைப் பிடித்த பிறகும் இரவு முழுவதும் கூவிக் கொண்டிருந்தால் அவனை உட்காரச் சொல்ல வேண்டியதுதானே? அதற்குத்தான் மருந்து.

எப்படிச் சொல்லுவது?

இனி, காரியத்துக்கு வருவோம். "ஐயோ, வலிக்கிறதே" என்று மட்டும் சொன்னால் போதாது. எங்கே வலிக்கிறது, குத்துகிறதா, எரிகிறதா, இழுக்கிறதா, எப்போது ஆரம்பித்தது, என்ன செய்தால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று சொல்லுங்கள். 0 முதல் 10 வரை எண் வைத்துக் கேட்பார்கள். வலியே இல்லையென்றால் 0. நினைக்க முடிந்த அளவில் மிகக் கொடிய வலி 10. "காலையில் 7 இருந்தது, மருந்துக்குப் பின் 3 ஆயிற்று, இப்போது 6" என்று நீங்கள் சொன்னால் மருந்து வேலை செய்கிறதா என்பது டாக்டருக்கு உடனே விளங்கும். எண் தெரியாத குழந்தைகளுக்குச் சிரிக்கிற முகம் முதல் அழுகிற முகம் வரை படம் காட்டிக் கேட்பார்கள். பேச முடியாத முதியவர்களின் நெற்றிச் சுருக்கத்தையும், முனகலையும், அசையாமல் கிடப்பதையும் துணையிருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வலி உச்சத்துக்குப் போன பிறகு கேட்பதைவிட, ஏறத் தொடங்கும்போதே கேளுங்கள். எரிகிற கூரையைவிட எரிகிற ஓலையை அணைப்பது சுலபம். புண்ணுக்குக் கட்டு மாற்றுவதற்கும், நடக்க வைப்பதற்கும் முன்னதாகவே மருந்து கிடைக்குமா என்று கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே, "பின்னால் வலிக்கு என்ன கொடுப்பீர்கள்? நேரப்படியா, கேட்டாலா?" என்று தெரிந்து கொள்ளுங்கள். எந்த மருந்து உங்களுக்கு ஒத்துக் கொள்ளாது, வயிற்றுப்புண் உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா, குடிப்பழக்கம் உண்டா, வீட்டில் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டரிடம் மறைப்பது, தராசில் கல்லை மறைப்பது போல, ஏமாறுவது நாமே.

மருந்துகளைப் பற்றி

மருந்துகளில் பல படிகள் உண்டு. பாராசிட்டமால் சாதாரணமானது, அளவோடு சாப்பிட்டால் நல்லது, அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். ஜலதோஷ மாத்திரைகளிலும் அதுவே கலந்திருப்பதுண்டு. ஆகவே தெரியாமல் இரண்டு பங்கு விழுங்கிவிடக் கூடாது. ஐபுபுரூபன், டைக்குளோபினாக் முதலியவை வீக்கத்தையும் வலியையும் குறைக்கும்; ஆனால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கக் கூடியவை. கடுமையான வலிக்கு மார்ஃபின் வகை. நரம்பை மரக்கச் செய்கிற ஊசியும், முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து விடுவதும் உண்டு. ஒரே மருந்தை அதிகமாகக் கொடுப்பதைவிட, வெவ்வேறு வகைகளைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கொடுப்பது இப்போதைய முறை.

மார்ஃபின் என்றவுடன் "ஐயோ, அபினா? பழகி விடுமே!" என்று பதறுகிறார்கள். அபினிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுத்தவர் பட்டம் பெற்ற பெரிய டாக்டரல்ல. ஜெர்மனியில் மருந்துக் கடையில் வேலை பார்த்த செர்ட்டூர்னர் என்ற இளைஞர். சுமார் 1805-ம் ஆண்டில். டாக்டர் மேற்பார்வையில், ஆபரேஷன் வலிக்குச் சில நாள் கொடுத்து நிறுத்துவதால் அடிமையாகிறவர்கள் குறைவு. அதற்காக அச்சமே வேண்டாமென்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1990-களிலிருந்து இவ்வகை மாத்திரைகளைக் கம்பெனிகளின் விளம்பரத்தை நம்பி வாரி வழங்கினார்கள். பல பேர் அடிமையாகி மாண்டார்கள். கண்மூடிப் பயமும் வேண்டாம். கண்மூடி நம்பிக்கையும் வேண்டாம். இந்த மருந்தால் மலச்சிக்கல், குமட்டல், அரிப்பு, தூக்கம் வரும். மலச்சிக்கலுக்கு முதலிலேயே மருந்து கேளுங்கள். எழுப்பினாலும் எழாத தூக்கமோ, மூச்சு மிக மெதுவாகப் போவதோ கண்டால் அந்தக் கணமே நர்சைக் கூப்பிடுங்கள். அதற்கு மாற்று மருந்து உண்டு.

சில ஆஸ்பத்திரிகளில் நோயாளியே பொத்தானை அழுத்தி மருந்து ஏற்றிக் கொள்ளும் கருவி உண்டு. குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை தடவை அழுத்தினாலும் அளவுக்கு மேல் அது கொடுக்காது. ஆனால் பொத்தானை நோயாளி ஒருவர்தான் அழுத்த வேண்டும். "பாவம், தூங்குகிறாரே, நான் அழுத்தி விடுகிறேன்" என்று மனைவியோ மகனோ அழுத்தக் கூடாது. தூக்கம் வந்தால் நோயாளியின் கை தானே நின்று விடும். அந்த நிறுத்தமே அவருக்குக் காவல். அன்பினால் அந்தக் காவலை உடைத்து விடாதீர்கள்.

மருந்து கொடுத்தும் அடங்காத புது வலி, காலின் ஆடுசதையில் வீக்கமும் வலியும், மார்பு வலி, மூச்சுத் திணறல், இவை வந்தால் "பொழுது விடியட்டும்" என்று காத்திருக்கக் கூடாது.

மருந்தில்லாத வைத்தியம்

பணம் செலவில்லாத வைத்தியமும் நிறைய உண்டு. வயிற்றில் தையல் உள்ளவர்கள் இருமும்போது ஒரு தலையணையைத் தையலின் மேல் அணைத்துப் பிடித்துக் கொள்ளுங்கள். வலி குறைவாகத் தோன்றும். மெதுவாக மூக்கால் இழுத்து வாயால் நீளமாக மூச்சு விடுங்கள். எழுந்திருக்கும்போது நேரே நிமிராமல், ஒரு பக்கமாகப் புரண்டு, கையை ஊன்றி எழுங்கள். தாமாகப் புரள முடியாதவர்களை இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வையுங்கள். இல்லாவிட்டால் படுக்கைப் புண் என்ற புதிய வலி வரும். வாயைக் கழுவி உதட்டை ஈரப்படுத்துங்கள். மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.

கூடுமானால் ஜன்னலோரக் கட்டிலைக் கேளுங்கள். அமெரிக்காவில் உல்ரிச் என்பவர் 1984-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பித்தப்பை ஆபரேஷன் செய்து கொண்டவர்களில் ஜன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 பேர், செங்கற்சுவரைக் கண்ட 23 பேரைவிடக் கடுமையான வலி மருந்தைக் குறைவாகவே கேட்டார்கள். முன்னதாகவே வீடு திரும்பினார்கள் என்று கண்டார். அவசியமில்லாத சத்தம் நோயாளிக்குக் கேடு என்று நைட்டிங்கேல் அம்மையார் 1859-லேயே எழுதி வைத்தார். நம் ஊர் வார்டுகளிலோ செல்போனில் சினிமாப் பாட்டு!

பார்க்க வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பத்துப் பேர் கட்டிலைச் சுற்றி நின்று கொண்டு, "எங்கள் பெரியப்பா பிள்ளைக்கும் இதே ஆபரேஷன்தான், மூன்றாம் நாள் திடீரென்று..." என்று ஆரம்பிப்பார்கள். ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டுப் பயத்தையும் கொடுத்துவிட்டுப் போகிற இவர்களைவிட, வராதவர்களே நோயாளிக்கு உற்ற நண்பர்கள். ஒருவர் இருவராய் வாருங்கள், தைரியம் சொல்லுங்கள், சீக்கிரம் போங்கள்.

பெண்களின் வலி

தாய்மார்களே! நீங்கள் வலிக்கிறது என்றால் "எல்லாரும் பெறாத பிள்ளையையா நீ பெறுகிறாய்? கத்தாதே" என்கிறார்கள். இதைச் சொல்லுகிறவர்களில் பாதிப் பேர் பெண்களே என்பதுதான் வெட்கக்கேடு. பொறுமை பெண்ணின் பூஷணம் என்று யார் எழுதி வைத்தார்கள்? பிள்ளை பெறாதவர்கள்! பிரசவத்தின்போது அவள் விரும்புகிற ஒருவர் பக்கத்திலே துணையிருக்க வேண்டும், கேட்டால் வலி குறைக்கும் மருந்து கொடுக்க வேண்டும், அவளை மரியாதையாக நடத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பரிந்துரைகளில் கூறியிருக்கிறது. துணையோடு இருக்கிற பெண்களுக்கு மருந்தும் ஆபரேஷனும் தேவைப்படுவது குறைகிறதென்பது பல தேசங்களில் சோதித்துக் கண்ட உண்மை. ஆகவே தாய்க்குத் துணையிருக்க அனுமதி கேட்பது சலுகையல்ல, வைத்தியம்.

தீராத நோயின் வலி

கடைசியாக ஒன்று. நோயைத் தீர்க்க முடியாது என்று ஆன பிறகும் வலியைத் தீர்க்க முடியும். லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967-ல் இதற்கென்றே ஓர் இல்லம் திறந்தார். வலி வந்தபின் கெஞ்சிக் கேட்கச் செய்யாமல், வலி திரும்புவதற்கு முன்பே நேரம் தவறாமல் மருந்து கொடுத்தார். உடம்பின் வலியோடு மனத்தின் வலி, பணக் கவலை, குடும்பக் கவலை எல்லாம் சேர்ந்ததே நோயாளியின் முழு வலி என்றார். 1986-ல் உலக சுகாதார நிறுவனமும், வாயால் கொடு, நேரப்படி கொடு, படிப்படியாக ஏற்றிக் கொடு என்று புற்றுநோய் வலிக்கு வழி வகுத்தது.

நம் நாட்டு நிலைமையைப் பாருங்கள். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களில் சர்க்கார் அனுமதியோடு அபின் விளைகிறது. வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கும் போகிறது. ஆனால் அதே நாட்டில் புற்றுநோய் வந்த ஏழை மார்ஃபின் கிடைக்காமல் துடித்துச் சாகிறான். 1985-ம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டம் கள்ளக் கடத்தல்காரனைப் பிடிக்க வந்தது, பிடிபட்டவன் நோயாளி! லைசென்சுத் தொல்லைக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் மார்ஃபினையே வைத்துக் கொள்ளாமல் விட்டன. 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு முன்பே, 1993-ல், கோழிக்கோட்டில் ராஜகோபால், சுரேஷ்குமார் முதலிய டாக்டர்கள் இதற்கென ஒரு சங்கம் கண்டார்கள். சாதாரண ஜனங்கள் தொண்டர்களாகிப் பக்கத்து வீட்டு நோயாளியைத் தேடிப் போனார்கள். 2008-ல் கேரள சர்க்காரே இதை ஒரு கொள்கையாக ஏற்றது. சட்டம் திருந்தினாலும் வழக்கம் திருந்தவில்லை. பல ஊர்களில் இன்றும் அந்த மருந்து எட்டாக் கனிதான். ஒரு கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூலிக்க ஊர் கூடுகிறதே, ஜில்லா ஆஸ்பத்திரியில் மார்ஃபின் இருக்கிறதா என்று கேட்க ஊர் கூடியதுண்டா?

செய்ய வேண்டியது

ஆகையால் தோழர்களே! நர்ஸ் அம்மாளிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஒருவர் தலையில் ஒரு வார்டையே கட்டி விட்டிருக்கும்போது அவர் என்ன செய்வார்? "சிஸ்டர், வலி 7 இருக்கிறது, கொஞ்சம் பார்க்க வேண்டும்" என்று மரியாதையாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் மறுபடியும் கேளுங்கள். அதற்கும் கிடைக்காவிட்டால் டாக்டரிடம் கேளுங்கள். பிச்சையாகவும் கேட்க வேண்டாம், அதிகாரமாகவும் கேட்க வேண்டாம், மனிதனாகக் கேளுங்கள். கூடுதல் நர்சுகள் வேண்டும், மருந்து வேண்டும் என்பதைச் சர்க்காரிடம் கேளுங்கள். ஓட்டுக் கேட்க வருகிறவர்களிடம் கேளுங்கள்.

வீட்டில் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போகும்போது திருநீறு மடித்துக் கொடுக்கிற காகிதத்தில், அவர் சாப்பிடும் மருந்துகளின் பெயரையும் ஒத்துக் கொள்ளாத மருந்தின் பெயரையும் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். அதுவே அவரைக் காக்கும்.

வலியைச் சொல்லுவதில் மானக்குறைவு ஒன்றுமில்லை. சொல்லாமல் துடிப்பதில் பெருமை ஒன்றுமில்லை. இதை நீங்கள் உங்கள் வீட்டிலும் தெருவிலும் நாலு பேருக்குச் சொன்னால், நாளை எந்த வார்டிலாவது ஒருவர் ஓர் இரவாவது நிம்மதியாகத் தூங்குவார். அது போதும்.